கிரேனை விட்டு இறங்கிய மாடசாமி

மாடசாமி மராத்தி பேசுகிற பிம்ப்ரியில் ஒரு வார்ப்பு ஆலையில் கிரேன் ஓட்டினார். ரோட்டில் போகிற கிரேன் இல்லை. ஷெட்டின் கூரைக்குச் சற்றுக் கீழே, இரண்டு பக்கச் சுவர்களிலும் போட்ட தண்டவாளத்தின் மேல் முன்னும் பின்னும் ஓடுவது. அதன் ஓரத்தில் தொங்கும் இரும்புக் கூண்டுதான் அவர் உட்காரும் இடம். செங்குத்தான ஏணியில் ஏறிப் போய் உட்கார்ந்தால் சாப்பாட்டுச் சங்கு ஊதும்வரை இறங்க மாட்டார். உலையில் உருகிய இரும்பை லேடில் என்கிற பெரிய வாளியில் வாங்கி, ஷெட்டின் நீளத்துக்கும் சுமந்துபோய், தரையில் வரிசையாக இருக்கும் மணல் அச்சுகளின் வாய்க்கு நேராகக் கொண்டு நிறுத்த வேண்டும். கீழே மனிதர்கள் நிற்பார்கள். வாளி ஆடக் கூடாது. மாடசாமியின் கையில் அது ஆடாது என்று எல்லோருக்கும் தெரியும்.

கீழே நின்று அவருக்குச் சைகை காட்டுபவர் அந்தோணி. ஷெட்டில் இருக்கும் இரைச்சலில் யார் கத்தினாலும் கேட்காது. அந்தோணி கையை உயர்த்தினால் ஏற்றம், உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கம், முஷ்டியை மடக்கினால் நிறுத்தம். பத்து வருடத்துக்கு மேல் இருவரும் அப்படியே வேலை பார்த்தார்கள். இரண்டு பேர் குடும்பத்துக்கும் தூத்துக்குடிப் பக்கம் பூர்வீகம். இரண்டு பேருடைய அப்பாக்களும் கட்கி வெடிமருந்து ஆலையில் வேலைக்கு வந்தவர்கள். பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடைக்காமல் பிம்ப்ரிப் பக்கம் வந்துவிட்டார்கள். வீடும் கட்கி பஜாரில் பக்கத்துப் பக்கத்துச் சால்களில்தான், முற்றத்தைச் சுற்றி வரிசையாக ஒற்றை அறை வீடுகள். அந்தோணி ஆறேழு வயது மூத்தவர். மாடசாமி அவரை அண்ணாச்சி என்பார். அவர் மாடசாமியை நீ, வா, போ என்பார். காலையில் கட்கி ஸ்டேஷனில் ஒன்றாக லோக்கல் ஏறுவார்கள். மதியம் இரண்டு டப்பாக்களையும் திறந்து நடுவில் வைத்துவிட்டால் எது யாருடையது என்ற கணக்கு கிடையாது. அந்தோணியின் மனைவி ரோசலின் மீன் குழம்பு வைக்கிற நாளில் மாடசாமிக்குத் தனியாக ஒரு கிண்ணம் வரும்.

தொண்ணூற்று மூன்றாம் வருட மழைக்காலத்தில் மாடசாமிக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. மழைக்காலத்தில் சாலில் யாருக்குத்தான் வயிறு கெடாது? மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். இரண்டு நாள் நின்று மறுபடி வந்தது. பிறகு ரத்தம் தெரிந்தது. மூலம் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய வியாதியா அது?

சாலில் வீட்டுக்குள் கக்கூஸ் கிடையாது. முற்றத்தின் கடைசியில் நான்கு அறைகள், முப்பது குடும்பங்களுக்கு. காலையில் ஆளுக்கொரு டப்பாவில் தண்ணீரோடு வரிசை நிற்கும். மாடசாமி உள்ளே போனால் வர நேரமாயிற்று. வெளியே வந்து வீட்டு வாசலை எட்டுவதற்குள் மறுபடி முடுக்கும். திரும்பப் போய் வரிசையின் கடைசியில் நிற்க முடியாது. முன்னால் விடச் சொல்லிக் கேட்கவும் வாய் வராது. "காய் ஜாலா, காகா? என்னாச்சு, உள்ளயே தூங்கிட்டீங்களா?" என்று கதவைத் தட்டுகிற பையன்களிடம் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் எழுவதற்கு முன்பே எழுந்து போக ஆரம்பித்தார்.

மனைவி சாந்தகுமாரிக்குத் துணி துவைக்கும்போது தெரிந்துவிட்டது. அவள் வீட்டில் இருந்தபடி சேலைகளுக்கு ஃபால் அடித்துக் கொடுப்பவள். அதிகம் பேசாதவள். அன்றைக்குத் தையல் மெஷினைச் சும்மா மூடிவைத்துவிட்டு, அவர் டியூட்டி முடிந்து வரும்வரை காத்திருந்தாள். "இது எத்தன நாளா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். மாடசாமி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுநாள் அவளே அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு டாக்டர் சீதபேதி என்றார். இன்னொருவர் குடலில் காசநோய் இருக்கலாம் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார். ஆள் பாதியாக இளைத்த பிறகுதான் நகரத்தில் கேம்ப் என்கிற பகுதியில் பத்மநாபன் என்ற குடல் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடல் முழுக்கப் புண். அந்த நோய்க்கு ஒரு நீளமான இங்கிலீஷ் பேர் சொன்னார். தமிழ் பேசுகிறவர் என்பதால் சாந்தகுமாரி தயங்காமல் கேட்டாள், இது எப்போது குணமாகும் என்று.

"இது வந்தா வந்ததுதாம்மா. சில மாசம் அடங்கி இருக்கும். அப்புறம் கிளம்பும். அவர் செஞ்ச எதனாலயும் இது வரல, சாப்பாட்டாலயும் வரல. இதோட இருக்கப் பழகிக்கணும்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மாடசாமி, "பழகிக்கணுமாம்" என்றார்.

பழகத்தான் செய்தார். டியூட்டி நாளில் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மதியச் சாப்பாட்டை விட்டார். லோக்கல் ரயிலில் கக்கூஸ் கிடையாது என்பதால் கதவோரம் மட்டுமே நிற்பார். சில நாள் வழியில் தாபோடி ஸ்டேஷனில் இறங்கிவிட்டு அடுத்த வண்டியில் வருவார். கட்கியிலிருந்து பிம்ப்ரிவரை எந்த ஹோட்டல்காரன் கேள்வி கேட்காமல் பின்பக்கம் விடுவான், எவன் முறைப்பான் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். சாந்தகுமாரி பழைய வேட்டியை மடித்துத் தைத்துக் கொடுத்ததை உள்ளே கட்டிக்கொண்டார். டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பியது. ஷெட்டில் பார்த்தவர்கள் ஆள் நன்றாகத் தேறிவிட்டதாகச் சொன்னார்கள்.

இவ்வளவையும் அவர் அந்தோணிக்குத் தெரியாமல் செய்தார். மற்றவர்களிடம் மறைத்தது பெரிய விஷயம் இல்லை. தினமும் ஒன்றாக ரயில் ஏறி, ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவரிடம் மறைப்பதற்கு நிறையப் பொய் வேண்டியிருந்தது. ரயிலைத் தவறவிட்டேன் என்பார். வீட்டில் விரதம் என்பார். பல்வலி என்பார். அந்தோணி ஒரு நாள் ரயிலடியில் அவரை ஓரமாக அழைத்து, வீட்டில் ஏதும் தகராறா, குடிக்கப் பழகிவிட்டாயா என்று கேட்டார். மாடசாமி சிரித்து மழுப்பினார்.

தொண்ணூற்று நான்காம் வருடக் கிறிஸ்துமஸ் அன்று வழக்கம்போல மாடசாமி குடும்பத்துக்கு அந்தோணி வீட்டில் சாப்பாடு. ரோசலின் இலையில் கறியைப் போட்டதும் மாடசாமி கையால் மறித்தார். அவள் விடாமல் போட வந்தபோது, "வேணாம்ன்னா விடுங்களேன் மதினி" என்று குரல் உயர்ந்துவிட்டது. சாந்தகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். மகள் தீபாவுக்கு அப்போது ஏழு வயது. அவள்தான், "அப்பாவுக்கு வயித்துல துக்தய்" என்று பாதி மராத்தியில் வலியைப் பற்றிச் சொல்லப் போனாள். மாடசாமி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. அன்றிலிருந்து மீன் குழம்புக் கிண்ணம் வருவது நின்றது.

அடுத்த வருடம் ஏப்ரலில் ஒரு நாள்.

வெயில் காலத்தில் ஷெட்டுக்கு மேலே கூண்டுக்குள் உட்காருவது அடுப்புக்கு மேல் உட்காருகிற மாதிரி. அன்றைக்குப் பெரிய வார்ப்பு. லேடில் நிறைய இரும்பு வாங்கி, மாடசாமி அதைத் தூக்கி ஷெட்டின் நடுவரை கொண்டு வந்துவிட்டார். அப்போது வயிறு முறுக்கியது. சில சமயம் பல்லைக் கடித்தால் அடங்கும். அன்று அடங்குகிற வலி இல்லை.

வாளியை வழியில் எங்கும் இறக்க முடியாது. இறக்கினால் இரும்பு உறைந்து, வாளியும் போய், வார்ப்பும் போய்விடும். கீழே அச்சுகளுக்குப் பக்கத்தில் ஆட்கள் தயாராக நிற்கிறார்கள். அந்தோணி உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். மாடசாமி வாளியை அவர் காட்டிய இடத்தில் நிறுத்தினார். ஊற்றினார்கள். அடுத்த அச்சு. அதற்கும் அடுத்தது. இரண்டாவது அச்சுக்கும் மூன்றாவது அச்சுக்கும் நடுவில் அவருடைய உடம்பு அவர் சொல்லைக் கேட்காமல் போனது. சூடாகக் கால் வழியே இறங்குவதை உணர்ந்தார். கை மட்டும் லீவரை விட்டு நகரவில்லை. வாளி ஆடவில்லை. கடைசி அச்சுவரை ஊற்றி முடித்து, காலி வாளியை உலைக்குப் பக்கத்தில் கொண்டு வைத்துவிட்டுத்தான் மோட்டாரை அணைத்தார்.

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. எல்லோரும் போனார்கள். மாடசாமி இறங்கவில்லை. இறங்கினால் ஏணியில் தெரியும், தரையில் தெரியும், ஷெட்டின் நீளத்துக்கும் நடந்து போக வேண்டும். ஷிப்ட் முடிந்து விளக்கை அணைக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கலாமா என்று யோசித்தார்.

ஏணி அதிர்ந்தது. அந்தோணி ஏறி வந்தார். கூண்டுக் கதவைத் திறந்ததும் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மாடசாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "போயிருங்க அண்ணாச்சி" என்றார்.

அந்தோணி போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் வாளித் தண்ணீர், தோளில் பழைய சாக்கு, கக்கத்தில் தன் லாக்கரில் வைத்திருந்த மாற்று பேண்ட். கூண்டில் இரண்டு பேர் நிற்க இடம் இல்லை. ஏணியின் கடைசிப் படியில் நின்றுகொண்டே ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்தார். மாடசாமி மாற்றிக்கொண்ட பிறகு, கூண்டின் தகரத்தையும் ஸ்டூலையும் அவரே துடைத்தார். துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ரொம்ப நாளா இருக்கோ?"

"ம்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

மாடசாமி அழுக்குத் துணியைச் சாக்கில் சுருட்டினார்.

"சரி. யாருக்கும் தெரியாது. நீ மெதுவா இறங்கு. நான் முன்னால இறங்குதேன்."

யாருக்கும் தெரியாமல்தான் போனது. அந்தோணி அதை ஒருவரிடமும் சொல்லவில்லை, தன் மனைவியிடம்கூட. ஆனால் மாடசாமிக்கு அது போதவில்லை. அந்த ஒருவருக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தாங்கவில்லை. மறுவாரம் மேலதிகாரியைப் பார்த்து, தலைசுற்றல் இருக்கிறது, இனி உயரத்தில் ஏற முடியாது என்று எழுதிக் கொடுத்தார். அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். நட்டு, போல்ட், கையுறை எடுத்துக் கொடுக்கிற வேலை. பக்கத்திலேயே கக்கூஸ். இந்த நோய்க்காரனுக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஆனால் முதல் சில மாதங்கள், ஷெட்டில் கிரேன் ஓடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கை தானாக மேஜை மேல் அசைந்தது. புதுப் பையனின் கையில் வாளி ஆடுவது சத்தத்திலேயே அவருக்குத் தெரியும்.

அந்தோணியை அவர் பார்ப்பதே இல்லை என்று ஆனது. காலையில் வேறு ரயில். சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தோணி கையுறை வாங்க வந்தால் தலையைத் தூக்காமல் எடுத்துக் கொடுப்பார். அந்தோணி முதலில் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து நேராக. அவர் குரல் முற்றத்தில் கேட்டதும் மாடசாமி கட்டிலில் படுத்துப் போர்த்திக்கொண்டார். சாந்தகுமாரி, அவர் தூங்குகிறார் என்று சொன்னாள். இரண்டாம் முறையும் தூங்குகிறார் என்றே சொன்னாள். அந்தோணி கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று தீபாவிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு சாந்தகுமாரி கட்டிலருகே வந்து நின்றாள். அவள் கணவனோடு சண்டை போட்டது குறைவு.

"அவருகிட்ட இனி நான் பொய் சொல்ல மாட்டேன். அவரு உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சாரு? ஒரு மனுசன் கூடப்பொறந்தவன் செய்யாதத செஞ்சிருக்காரு. அவரப் போயி ஏன் இப்படி விரட்டுதிய?"

மாடசாமி போர்வையை விலக்காமல் சொன்னார். "அவரு பாத்துட்டாரு, சாந்தா."

"நானுந்தான் தினம் பாக்கேன்."

"நீ வேற."

அந்தோணி கொடுத்த பேண்ட்டை அவள் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். மறுநாள் அவளே கொண்டுபோய் ரோசலினிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து அவர்கள் பிம்ப்ரியைத் தாண்டி நிக்டிக்கு வீடு மாறினார்கள். ஒரே அறையும் சமையலறையும்தான். ஆனால் உள்ளேயே கக்கூஸ். அந்த ஒரு கதவுக்காகவே கட்கியை விட்டார்கள். புது வீட்டுக்கு வந்த முதல் நாள் மாடசாமி அந்தக் கதவை இரண்டு மூன்று தரம் திறந்து திறந்து சாத்திப் பார்த்தார். இனி யாரும் தட்ட மாட்டார்கள். யாரும் வரவும் இல்லை. தீபா வளர்ந்தாள். சிநேகிதிகளை அவள் வீட்டுக்கு அழைத்ததே இல்லை. கேட்டால், "பப்பாவுக்கு பிபி இருக்கு, சத்தம் ஆகாது" என்று சொல்லிவிடுவாளாம். அப்பா காதில் விழுகிறது என்று தெரியாமல் வாசலில் ஒருத்தியிடம் அவள் அப்படிச் சொன்னதை மாடசாமி கேட்டார். நல்ல பொய்யாகத்தான் அவருக்குப் பட்டது. அவள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு தடவை போனார். கடைசி வரிசை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் மேடை ஏறுவதற்குள் எழுந்து போக வேண்டியிருந்தது. பிறகு போவதை விட்டுவிட்டார்.

சாந்தகுமாரியின் அப்பா ஊரில் இறந்தபோது அவள் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினாள். மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்று அங்கே எல்லோரும் கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்றாள். மாமனாருக்குச் செய்ய வேண்டியதை யாரோ ஒரு பங்காளி செய்தான்.

நோய் அடங்கியும் கிளம்பியும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்து இரண்டில் கிளம்பியது அடங்கவில்லை. ரத்தம் நிற்காமல் போனது. டாக்டர் பத்மநாபன் கையை விரித்துவிட்டு, குடலை எடுத்துவிடுவதுதான் வழி என்றார். பெருங்குடல் முழுவதையும் எடுத்து, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலது பக்கம் துளை போட்டு வெளியே வைப்பார்கள். அதன் மேல் ஒரு பை ஒட்டிக்கொள்ள வேண்டும். சாகும்வரை. மாடசாமிக்குக் கையெழுத்துப் போடவும் தெம்பு இல்லை. சாந்தகுமாரிதான் போட்டாள்.

ஆபரேஷனுக்கு ரத்தம் தேவைப்பட்டது. தொழிற்சங்கத்தில் சொன்னதும் ஆலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு அந்தோணியும் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, சாந்தகுமாரி உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுமுனையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னாள் அவள். அந்தோணி எழுந்துகொண்டார்.

"வேண்டாம்மா. படுத்துக் கிடக்கும்போது நான் பாத்தா அவனுக்குப் பிடிக்காது. நான் வந்தத இப்பச் சொல்லாத. எந்திரிச்சு நடமாடட்டும்."

மாடசாமி பிழைத்தார். ஒன்பது வருடமாக அவரை அரித்த நோய் குடலோடு போய்விட்டது. வலி இல்லை, ரத்தம் இல்லை, ஓட்டம் இல்லை. அதற்குப் பதிலாகச் சட்டைக்கு அடியில் எப்போதும் ஒரு பை. நிறைந்தால் காலி செய்ய வேண்டும். சில சமயம் ஒட்டு விட்டுக் கசியும். நான்கு பேர் நடுவில் நிற்கும்போது அது தன்பாட்டுக்குச் சத்தம் போடும்.

அதைவிட அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. இத்தனை வருடம் அவருடைய துணியையும் உடம்பையும் முகம் சுளிக்காமல் கழுவிய சாந்தகுமாரியால் அந்தத் துளையைப் பார்க்க முடியவில்லை. சிவப்பாக, ஈரமாக, சொந்தமாக உயிர் உள்ளது போல அசைகிற அந்தக் குடல் நுனியை நர்ஸ் காட்டியபோது அவள் மயங்கி விழுந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு முறை முயன்றாள். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். அன்று சமையலறையில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. மாடசாமி கண்ணாடி முன்னால் நின்று பையை மாற்றத் தானே கற்றுக்கொண்டார். அவர் உள்ளே போகும்போதெல்லாம் கதவுக்கு வெளியே வெந்நீரும் மடித்த துணியும் இருக்கும். அது ஒரு நாளும் தவறியதில்லை. அவளால் முடிந்தது அதுதான் என்று அவருக்குத் தெரியும். என்றாலும், அவள் பார்வை தன் வயிற்றுப் பக்கம் வந்து சட்டென்று விலகும்போது, கட்கி வீட்டில் தான் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. பார்த்துவிட்டும் விலகாமல் நின்றவர் அந்தோணி ஒருவர்தான். அவரைத்தான் விலக்கி வைத்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்துத்தான் சாந்தகுமாரி ரத்தம் கொடுத்த விஷயத்தைச் சொன்னாள். மாடசாமி உடனே போகவில்லை. பை கசியுமோ என்று ஒரு ஞாயிறு, மழை என்று ஒரு ஞாயிறு. அதற்குள் அந்தோணி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆலையை விட்டுப் போய்விட்டார். அடுத்த வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம் மாடசாமி தனியாகக் கட்கிக்குப் போனார்.

ரோசலின் கதவைத் திறந்தாள். ஒரு கணம் அடையாளம் தெரியாமல் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டாள். அந்தோணி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"வாங்க. உக்காருங்க. உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

மாடசாமி உட்காராமல் நின்றார். முதலில் அவருக்கு என்ன உறுத்துகிறது என்று புரியவில்லை. வாங்க என்றதுதான் என்று பிறகு புரிந்தது. இத்தனை காலத்தில் அந்தோணி அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

டீ வந்தது. ஆலையில் யார் யார் போய்விட்டார்கள் என்று பேசினார்கள். ரோசலின் உள்ளே போனதும் மாடசாமி சொன்னார்.

"அண்ணாச்சி, நான் ஒங்களப் பாக்காம இருந்தது கோவத்துல இல்ல."

"தெரியும்."

"வெக்கம்."

அந்தோணி டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "அன்னைக்கு மேல ஏறி வந்தப்போ எனக்கு ஒங்க கஷ்டந்தான் தெரிஞ்சுது. வேற எதுவும் தெரியல. அதுக்கப்புறம் நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனீங்க பாருங்க, அப்பத்தான் ஏதோ பாக்கக் கூடாதத பாத்துட்டோம் போலன்னு தோணிச்சு. நான் என்ன தப்பு செஞ்சேன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். ரோசி கேப்பா, என்ன சண்டைன்னு. அவகிட்டயும் சொல்ல முடியாது."

மாடசாமி டீயைத் தள்ளிவைத்தார். "என்னய நீங்கன்னு சொல்லாதீங்க அண்ணாச்சி."

அந்தோணி லேசாகச் சிரித்தார். "வாயில வரமாட்டேங்குது. ரொம்ப நாளாயிட்டுல்லா."

அதன் பிறகு மாடசாமி அவ்வப்போது போய்வந்தார். கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு போனார்கள். ரோசலின் குழம்பில் காரம் போடாமல் தனியாக எடுத்துவைத்தாள். மாடசாமி சாப்பிட்டார். எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் இரண்டு டப்பாவையும் நடுவில் வைத்துச் சாப்பிட்ட அந்த நாட்கள் திரும்பவில்லை. அந்தோணி கடைசிவரை அவரை நீங்கள் என்றேதான் அழைத்தார்.

இரண்டாயிரத்து ஆறு நவம்பரில் அந்தோணி மாரடைப்பில் இறந்தார். செய்தி காலையிலேயே வந்தது. அதிலிருந்து மாடசாமி எதுவும் சாப்பிடவில்லை. புதுப் பை ஒட்டிக்கொண்டு, அதன் மேல் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனார். சாந்தகுமாரிக்குக் காய்ச்சல். அவளால் வர முடியவில்லை. கட்கி சர்ச்சில் கூட்டம். ஆலை ஆட்கள் பலர் வந்திருந்தார்கள். பெட்டியைத் தூக்க மாடசாமியும் போனார். உடனே ஒருவர், உங்களுக்கு ஆகாது என்று தோளைப் பிடித்து நகர்த்தினார். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது உண்மைதான். அவர் பெட்டிக்குப் பின்னால் நடந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டினி கிடந்தாலும் குடல் சும்மா இருப்பதில்லை. ஒரு பக்கம் ஒட்டு விடுவதை மாடசாமி உணர்ந்தார். கையால் அழுத்திக்கொண்டு கொஞ்சம் நின்று பார்த்தார். துணி நனைய ஆரம்பித்தது. வாசனை வருமோ என்று பயந்தார். பெட்டியை இறக்கக் கயிறு போடுகிற நேரத்தில் கூட்டத்திலிருந்து பின்வாங்கி வெளியே வந்தார். தோட்டத்தின் காவல்காரன் தன் அறைக்குப் பின்னால் இருந்த கக்கூஸைக் காட்டினான். தண்ணீர் மெல்லிசாகத்தான் வந்தது. பையைக் கழற்றி, கழுவி, கைப்பையில் இருந்த இன்னொன்றை ஒட்டி, அது பிடிக்கும்வரை உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அவசரப்பட்டால் மறுபடி விடும். வெளியே பாட்டுச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

திரும்பி வந்தபோது குழி மூடியிருந்தது. மேலே பூமாலைகளை அடுக்கிவிட்டு ஆட்கள் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ரோசலினை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். மாடசாமி ஓரத்தில் சிந்திக் கிடந்த மண்ணைக் கையில் எடுத்து மேட்டின் மேல் போட்டார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். மண்வெட்டிக்காரர்கள் அவர் போவதற்காகக் காத்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தகுமாரி போர்வையோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"மண்ணு போட்டியளா?"

"பை ஒட்டு விட்டுட்டுது. மாத்திட்டு வரதுக்குள்ள மூடிட்டாங்க."

அவள் எழுந்துபோய் வெந்நீர் வைத்தாள். அவர் குளித்து வந்த பிறகு ரசம் சாதம் போட்டுக் கொடுத்து எதிரில் உட்கார்ந்துகொண்டாள். அவருக்கு இறங்கவில்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதால் கொஞ்சமாவது சாப்பிடச் சொன்னாள். மாடசாமி சாப்பிட்டார்.